காத்திருக்க வைக்கும் மெட்டு

எங்கள் விலாசம் அந்த ஆஸ்பத்திரிக்குத் தெரியாது என்றுதான் அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரரின் தோள்பட்டை ஆபரேஷனுக்குத் தேதி குறித்துத் தபாலில் அனுப்புகிறோம், நீங்கள் அலையவே வேண்டாம் என்று போன வருஷம் கவுன்டரில் இருந்த பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துச் சொன்னாள். தபால்காரர் வந்தார், போனார். கரன்ட் பில் வந்தது. எங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் குடியிருந்துவிட்டுப் போன யாரோ ஒருவருக்கு வாழ்த்து அட்டைகூட வந்தது. தேதி மட்டும் வரவில்லை. பெரிய இடம், ஏகப்பட்ட நோயாளிகள், நம் சந்து அவர்கள் கண்ணில் படவில்லை போலிருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அப்புறம் அதே ஆஸ்பத்திரியின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. கதவு எண், மாடி, சந்தின் பெயர், வண்டி எண், மாமனாரின் பெயர்கூட முதலெழுத்து மாறாமல் இருந்தது. வைத்தியம் பார்க்கத் தேடியபோது கிடைக்காத வீடு, மிரட்டத் தேடியபோது கிடைத்துவிட்டது.

கூரியர்காரர் கையெழுத்துக் கேட்டபோது நான் ஒரு கால்சட்டைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் தையல்காரி. புதுத் துணி தைப்பதில்லை. பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது, ஓரம் அடிப்பது, இவ்வளவுதான். ஜனங்களின் உடம்பு ஒரே அளவில் நிற்காதவரை எனக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்காரர் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறார். வருஷக்கணக்காகக் கேனைத் தோளில் வைத்து மாடி மாடியாக ஏறியதில் வலது தோளுக்குள் தசைநார் கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்யாவிட்டால் கை மெல்ல மெல்லத் தூக்க வராமலே போய்விடும் என்றார் டாக்டர். அதைச் செய்கிற இடம் எங்கள் ஊரில் அந்த ஆஸ்பத்திரி ஒன்றுதான். இப்போது கேன் இடது தோளுக்கு மாறியிருக்கிறது. காலையில் தலை வாரும்போது சீப்பைத் தலைக்கு உயர்த்த முடியாமல், தலையைக் குனிந்து சீப்புக்குக் கொண்டுபோகிறார்.

நோட்டீஸைப் பிரித்துப் படித்தேன். எங்கள் தண்ணீர் வண்டி தெருவுக்குள் வரும்போது ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு போடுவோம். அந்த மெட்டு ஆஸ்பத்திரிக்குச் சொந்தமாம். 'எமது கட்சிக்காரரால் ஒலிச்சின்னமாகப் பதிவு செய்யப்பட்ட இன்னிசையைத் தாங்கள் அனுமதியின்றி ஒலிபரப்பி, எமது கட்சிக்காரரின் நற்பெயரைக் கொண்டு ஆதாயம் அடைந்து வருகிறீர்கள்' என்று எழுதியிருந்தது. அவர்கள் நற்பெயரைச் சொல்லித் தண்ணீர் விற்றால் எங்கள் தெருவில் ஒருத்தர் குடிக்க வாயைத் திறக்க மாட்டார். அது எழுதியவருக்குத் தெரியாது, பாவம்.

கூடவே ஓர் உறுதிமொழிப் பத்திரம் இணைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் அதில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். தெரிந்தே, தீய நோக்கத்துடன் அந்த இன்னிசையை நகல் செய்தேன் என்பது ஒரு வரி. இனி ஆஸ்பத்திரியையோ அதன் ஊழியர்களையோ நேரிலோ தொலைபேசியிலோ தொடர்புகொள்ள மாட்டேன், எதுவானாலும் வக்கீல் வழியாகத்தான் என்பது இன்னொரு வரி. போடாவிட்டால் வழக்கு, வண்டியும் ஒலிபெருக்கியும் பறிமுதல் செய்ய மனு.

அவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் படித்துக் காட்டினேன். முகம் சுண்டிப்போய்விட்டது.

"கையெழுத்துப் போட்டுடலாம். பெரிய இடம். நமக்கு எதுக்கு வம்பு?"

"போடுங்க. திருடன்னு எழுதிக் கொடுங்க. அப்புறம் தோளுக்கு எங்க போவீங்க? அவங்களோட பேசவே மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு, ஆபரேஷன் தேதியை வக்கீல்கிட்டயா கேப்பீங்க?"

அவருக்கு அது உறைக்கவே சற்று நேரம் ஆனது. பத்திரத்தை என்னிடமிருந்து வாங்கி, அந்த வரியைத் தானே ஒருமுறை விரல் வைத்துப் படித்தார்.

அந்த மெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நான் மிஷினில் உட்கார்ந்து முணுமுணுக்கிறது. முன்பெல்லாம் மற்ற தண்ணீர் வண்டிகளைப் போல ஹாரன்தான் அடிப்பார். ஒரு நாள் வாசலில் நின்று எனக்குத் தெரியாமல் என் முணுமுணுப்பைப் போனில் பதிவு செய்து, வண்டியில் போட்டுவிட்டார். பின்னால் தையல் மிஷின் டகடகவென்று ஓடுகிற சத்தம், அதன்மேல் என் குரல். தெருக்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று. ஹாரன் அடித்தபோது முறைத்தவர்கள் இப்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். "என் சம்சாரம் போட்ட மெட்டு" என்று வீடு வீடாகச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார். நானும் மறுக்கவில்லை. எங்கேயும் கேட்ட மாதிரி ஞாபகம் இல்லையே, அப்போது என்னுடையதுதானே என்று நினைத்தேன். கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் நாத்தனார் கீழ்வீட்டில் இருக்கிறாள். வீட்டுக்காரரின் தங்கை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பிள்ளைகளை அதட்டி அதட்டி யாரிடமும் மெதுவாகப் பேச வராது. நோட்டீஸ் வந்த செய்தி படியிறங்குவதற்குள் அவளே மேலே வந்துவிட்டாள்.

"என்ன அண்ணி, உங்க பாட்டு கோர்ட்டு வரைக்கும் போயிடுச்சாமே? நான்கூட நம்ம சந்தோட நின்னுடும்னு நெனச்சேன்."

"நீ வேற எரியிற கொள்ளியில எண்ணெய் ஊத்தாத."

"நான் ஊத்தல. நீங்க நிஜமா சொல்லுங்க, அது நீங்க போட்டதுதானா?"

"பின்ன? நான் எந்தப் பாட்டு வாத்தியார்கிட்டப் போனேன் திருடறதுக்கு?"

கோபம் தலைக்கு ஏறியிருந்தது. அன்று வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தேதி கேட்கிற நாள். பத்திரத்தில் கையெழுத்துப் போடாதவரை போன் செய்ய எனக்குத் தடையில்லை. வழக்கம்போல எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, பித்தான் டப்பாவின் மேல் சாய்த்து வைத்தேன். 'இந்த அழைப்பு முழுவதும் தரத்தை மேம்படுத்துவதற்காகப் பதிவு செய்யப்படுகிறது' என்றது ஒரு பெண் குரல். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து லைனில் இருங்கள்.'

பிறகு மெட்டு தொடங்கியது.

என் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. அதே மெட்டு. நான் கொஞ்சம் இழுத்துப் பாடுகிற இடத்தில் அதில் ஒரு மணிச்சத்தம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். போன வருஷத்திலிருந்து வாரந்தோறும் இந்த டப்பாவின் மேல் ஓடிக்கொண்டிருந்த மெட்டு. அதை நான் ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. கை ஊசியில் இருக்கும், கண் துணியில் இருக்கும், மனசு அந்தப் பெண் எப்போது எடுப்பாள் என்பதில் இருக்கும். காதைக் காவல் இல்லாமல் திறந்து போட்டிருந்தேன். அது பாட்டுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். பகலெல்லாம் வண்டியில் இருப்பவர், அந்தப் போனைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த மனுஷனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வீரம் வந்ததோ.

"அடப்பாவிங்களா! உன் மெட்டை இவனுங்க திருடிப் போட்டுக்கிட்டு, நம்ம மேலயே நோட்டீஸ் விட்டிருக்கானுங்க பாரு! விடக் கூடாது. நாம போடுவோம் கேஸ்!"

நாத்தனார் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நல்ல வேளையாக வாயை மூடிக்கொண்டாள்.

"உக்காருங்க," என்றேன். "அவங்க திருடல. போன் போட்டுப் போட்டு எனக்குள்ள ஏறியிருக்கு. எனக்கே தெரியல."

"அப்ப அது உன்னுது இல்லையா?"

"இல்ல."

மெட்டு போனதில் எனக்கு வருத்தமே இல்லை. போனால் போகட்டும், ஆஸ்பத்திரி மெட்டு, அதற்கு என்ன கிரீடமா வைக்கப்போகிறேன். ஆனால் அந்த மனுஷனின் முகம் விழுந்த விதத்தைத் தாங்க முடியவில்லை. அத்தனை வீட்டு வாசலிலும் நின்று என்னைப் பற்றிப் பெருமை அடித்தவர். அந்தப் பெருமையையும் சேர்த்துப் பறித்துக்கொண்டார்களே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. போனில் அந்தப் பெண் எடுத்து, தேதி இன்னும் முடிவாகவில்லை, தபாலில் வரும் என்றாள். வைத்துவிட்டேன்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். ஒரு வருஷமாக ஒரு மனுஷனின் கையை அழுக விட்டது அவர்கள் கணக்கில் தாமதம். நான் வாய்க்குள் முனகியது அவர்கள் கணக்கில் திருட்டு.

மறுநாளே வண்டியில் மெட்டை நிறுத்தச் சொன்னேன். நாத்தனாரின் வேனில் வருகிற ஒரு பிள்ளையின் அப்பா வக்கீல். அவரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் நோட்டீஸைப் படித்துவிட்டு, நாங்கள் சொன்னதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தெரியாம செஞ்சாலும் அடுத்தவங்க மெட்டு அடுத்தவங்க மெட்டுதான். நிறுத்திட்டீங்க, நல்லது. அதையே பதில்ல எழுதுங்க. ஆனா தீய நோக்கம்னு நீங்க ஒத்துக்க வேண்டிய அவசியம் இல்ல. தெரியாமதான் வந்துதுன்னு காட்ட ஏதாவது இருக்கா?"

"இருக்கு. அவங்ககிட்டயே இருக்கு."

நான் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "இத நான் எழுதினா சண்டையாயிடும். நீங்களே எழுதுங்கம்மா. பதிவுத் தபால்ல அனுப்புங்க. நகல் ஒண்ணு வெச்சுக்கங்க."

அன்றைக்கு வந்த ஜிப்புகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு எழுதினேன். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் உப்பு போடுங்க அண்ணி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பதில் இதுதான்:

'ஐயா, உங்கள் நோட்டீஸ் கிடைத்தது. விலாசம் சரியாக எழுதியிருக்கிறீர்கள். அது முடியும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டோம். மெட்டு உங்களுடையதுதான். வண்டியில் நிறுத்திவிட்டோம், இனிப் போட மாட்டோம். ஆனால் அதை நாங்கள் எடுக்கவில்லை, நீங்கள்தான் என் காதில் ஊற்றினீர்கள். என் கணவரின் தோள் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டு வாரந்தோறும் உங்களுக்குப் போன் செய்கிறேன். வாரந்தோறும் இந்த மெட்டைப் போட்டு என்னைக் காத்திருக்க வைக்கிறீர்கள். என் மண்டைக்குள் அது எப்படி வந்தது என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் சாட்சி உங்களிடமே இருக்கிறது. அழைப்பு முழுவதும் பதிவு செய்கிறோம் என்று நீங்களே ஒவ்வொரு தடவையும் சொல்கிறீர்கள். என் நம்பரைப் போட்டுத் தேடி எடுங்கள். மெட்டின் பின்னால் தையல் மிஷின் சத்தம் கேட்கும். போகப்போக மெட்டோடு சேர்ந்து ஒரு பெண் முனகுவதும் கேட்கும். அது நான்தான். தயவுசெய்து நடுவில் நிறுத்தாமல் முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். எல்லாவற்றையும் கேட்ட பிறகும் நான் திருடி என்று தோன்றினால் வழக்குப் போடுங்கள். அந்தப் பதிவுகளைக் கோர்ட்டில் எல்லோருமாகச் சேர்ந்து கேட்போம். உங்களுடன் பேச மாட்டேன் என்ற வரியில் கையெழுத்துப் போட முடியாது. தேதி கிடைக்கும்வரை பேசத்தான் செய்வேன்.'

வீட்டுக்காரர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். இடது கை. "இதப் படிச்சிட்டு என்னை ஆபரேஷன் டேபிள்ல படுக்க வெச்சா சும்மா விடுவாங்களா?" என்றார்.

"முதல்ல படுக்க வெக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

போன வருஷம் முழுக்க நாங்கள் துரத்திய ஆஸ்பத்திரி, இந்தத் தபால் போன சில நாளில் எங்களைத் துரத்திப் போன் செய்தது. சட்ட அதிகாரி பார்க்க விரும்புகிறாராம், சௌகரியப்பட்ட நேரத்தில் வரலாமாம். எங்கள் சௌகரியம் என்று ஒன்று இருப்பதை அவர்கள் வாயால் கேட்டது அன்றுதான்.

சட்ட அதிகாரியின் அறை கட்டடத்தின் உச்சியில் இருந்தது. குளிர் எலும்பில் ஏறியது. வழுவழுப்பான மேஜை, அதன்மேல் ஒரு போன், ஒரு கோப்பு, ஒரு காகிதம்கூடக் கலையாமல் இருந்தது. வேலை நடக்கிற மேஜை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அது அப்படியிருக்காது. சட்ட அதிகாரி டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் விளம்பரப் பிரிவிலிருந்து ஓர் இளைஞர், ஏதோ பரிசு விழுந்தவர் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பதிவுகளைக் கேட்டோம்," என்றார் சட்ட அதிகாரி. "உங்க விளக்கம் ஏத்துக்கற மாதிரிதான் இருக்கு. ஆனா ஹோல்டுல இருக்கும்போது நீங்க எங்க நிர்வாகத்தைப் பத்திச் சில வார்த்தைகள் சொல்லியிருக்கீங்க."

அதை நான் யோசிக்கவே இல்லை. யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே என்னென்னவோ பேசியிருப்பேன்.

"என்ன சொன்னேன்?"

அவர் கோப்பைப் பார்த்தார். வாய் கோணியது. "பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டறாங்கன்னு சொல்லியிருக்கீங்க. மத்தது படிக்கற மாதிரி இல்ல."

"படிங்க சார், பரவாயில்ல," என்றார் வீட்டுக்காரர், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில். நான் அவர் காலை மிதித்தேன்.

விளம்பரக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அம்மா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. எங்களுக்கு உங்க கதை ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்க மெட்டு ஒரு குடும்பத்தலைவி மனசுல எப்படிப் பதிஞ்சிருக்கு பாருங்க! இதையே விளம்பரமா எடுக்கலாம். நீங்க மிஷின்ல உக்காந்து பாடறீங்க, அப்படியே கேமரா..."

"தம்பி, கால்ல செருப்பு ஆணி ஏறினாலும் பதியத்தான் செய்யும். அதுக்காகச் செருப்புக்காரன் அதை விளம்பரமா எடுக்க மாட்டான்."

அவர் சிரிப்பு அப்படியே பாதியில் நின்றது. சட்ட அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "பாருங்கம்மா, இது எங்க இயக்குநர் டாக்டரே நேரடியா கொடுத்த புகார். அவர் வீட்டு வாசல்லயே தினம் காலையில இந்த மெட்டு கேக்குதாம். வீட்லயும் ஆஸ்பத்திரியில இருக்கற மாதிரி இருக்குன்னு ரொம்ப சிரமப்பட்டுட்டார்."

"எந்தத் தெரு சார்?" என்றார் வீட்டுக்காரர்.

அவர் தெருவையும் கட்டடத்தின் பெயரையும் சொன்னார். வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

"மூணாவது மாடிதானே? பச்சைக் கதவு. அங்க நான்தான் சார் கேன் போடறேன். லிஃப்டுல கேன் ஏத்தக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்காங்க. படியிலதான் தூக்கிட்டுப் போறது."

அவர் யார் மேலும் பழி சொல்லும் குரலில் சொல்லவில்லை. அடையாளம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தோளை ஆற விடாத படியும் அந்த ஆளுடையது, தோளை ஆற்ற மறுக்கிற ஆஸ்பத்திரியும் அந்த ஆளுடையது, இதில் சிரமப்பட்டவரும் அந்த ஆள்தான்.

சட்ட அதிகாரி அவசரமாக ஒரு புதுப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். தீய நோக்கம் போய், 'அறியாமல் நேர்ந்தது' என்று வந்திருந்தது. வழக்கு இல்லை. வீட்டுக்காரர் பேனாவை எடுத்துவிட்டார். நான் கீழே வரை படித்தேன். ஆஸ்பத்திரியைத் தொடர்புகொள்ள மாட்டேன் என்ற வரி அப்படியே இருந்தது.

"அது எல்லாப் பத்திரத்துலயும் வழக்கமா போடற வரிம்மா. பெருசா எடுத்துக்காதீங்க."

"தையல்ல வழக்கமா போடற தையலைத்தான் சார் முதல்ல பிரிச்சுப் பாக்கணும். தேதி வராம இந்த வரியில கையெழுத்து விழாது."

"தேதி என் கையில இல்லம்மா. அது வேற பிரிவு."

"அவங்களக் கேளுங்க. ஒரே கட்டடம்தானே?"

அவருக்கு எங்களை அனுப்பிவிட்டால் போதும் என்று இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு உள் எண்ணை அழுத்தினார், தன்னால் முடியும் என்று எங்களுக்குக் காட்டுகிற தோரணையில்.

'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து லைனில் இருங்கள்.'

"நான் லீகல்லேர்ந்து பேசறேன்," என்றார் அவர்.

மெட்டு தொடங்கியது.

நாலு பேரும் உட்கார்ந்து கேட்டோம். மெட்டு ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து வந்தது. விளம்பரக்காரர் தன்னை அறியாமல் விரலால் மேஜையில் தாளம் போட்டார், நான் பார்த்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார். சட்ட அதிகாரி பேனாவை நேராக வைத்தார், கோப்பை நேராக வைத்தார், நேராக வைக்க வேறு எதுவும் இல்லாமல் டையைத் தளர்த்தினார். போனை வைத்துவிட்டு மறுபடி எண்ணை அழுத்தினார். அதே குரல், அதே மெட்டு. அவர் காதோரம் சிவந்துகொண்டே வந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டார்.

"முனகாத. இன்னொரு நோட்டீஸ் கொடுத்திடப் போறாங்க."

சட்ட அதிகாரி போனை வைத்தார். கொஞ்சம் பலமாகத்தான் வைத்தார். "இருங்க, வர்றேன்" என்று எழுந்து தானே போனார்.

திரும்பி வந்தபோது நெற்றி வியர்த்திருந்தது. அந்தக் குளிரிலும் வியர்த்திருந்தது. கையில் ஒரு சீட்டு. அதில் தேதி. அடுத்த மாதத்துத் தேதி. அவர் யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

"உங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை தேதி கொடுத்திருக்காங்க. கடிதம் போகல. உங்க ஃபைல்ல... முகவரி சரியில்லன்னு குறிச்சிருக்கு."

மேஜைமேல் அவருடைய நோட்டீஸின் நகல் கிடந்தது. நான் அதைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன்.

"சரியான முகவரி வேணும்னா இதுல இருக்கு. மாமனார் பேரு முதற்கொண்டு. கீழ கொடுத்து எழுதிக்கச் சொல்லுங்க."

அவர் தொடர்புகொள்ள மாட்டேன் என்ற வரியைத் தன் பேனாவாலேயே அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். வீட்டுக்காரர் இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் சீட்டைச் சட்டைப் பையில் வைத்து, பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் சந்தோஷப்பட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இரண்டு தேதிகள் வந்து போயிருக்கின்றன. அந்தத் தேதிகளிலும் இவர் எங்கேயாவது ஒரு மாடிப்படியில் கேனோடு ஏறிக்கொண்டிருந்திருப்பார்.

ஆபரேஷன் நடந்தது. நன்றாகவே செய்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். கத்தி பிடிப்பவர்கள் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. கையை மார்போடு கட்டித் தொங்கவிட்டு, பல வாரங்கள் கனம் தூக்கக் கூடாது என்று அனுப்பினார்கள். வண்டியை நாத்தனார் எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தண்ணீர் கேனை ஏற்றிக்கொள்வாள். "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி. கேன் கொஞ்சம் அமைதியா வருது" என்றாள். ஆனால் மாடி ஏற மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒரு தோள் கிழிந்தது போதும், வேண்டியவர்கள் கீழே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றாள்.

வண்டிக்கு ஒரு சத்தம் வேண்டுமே. ஹாரன் வேண்டாம் என்றார் வீட்டுக்காரர். கட்டுப் போட்ட கையோடு என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி போனில் பதிவு செய்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மிஷின் மட்டும் ஓடியது. அதைத்தான் இப்போது வண்டியில் போடுகிறாள் நாத்தனார், வெறும் டகடக சத்தம். முதல் நாளே தெருவில் கதவுகள் திறந்துவிட்டன. பாட்டு எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லையாம். வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப அவங்களுக்குப் பிடிச்சது உன் மிஷின்தான்" என்றார். அவர் முகத்தில் பழைய பெருமை திரும்ப வந்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு ஆறியது.

அந்த வாரமே போன் வந்தது. முதலில் ஒரு வேலைக்காரப் பெண் பேசினாள். கேனைக் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்களே, மூன்றாவது மாடிக்கு யார் தூக்குவது என்றாள். லிஃப்டில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றேன். போர்டு இருக்கிறதே என்றாள். பிறகு போனை யாரோ பிடுங்குகிற சத்தம் கேட்டது. கனமான ஆண் குரல், கேள்வி கேட்டே பழகிய குரல்.

"யார் பேசறது? தண்ணி வண்டிக்காரரா? நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் டாக்டர். பச்சைக் கதவு."

"இப்பவே ஆள் அனுப்பி மேல கொண்டு வந்து வைக்கணும். எப்ப வருவாங்க?"

கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் குரலில் எவ்வளவு தேன் முடியுமோ அவ்வளவையும் தடவிக்கொண்டேன்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து லைனில் இருங்கள்."

போனைப் பித்தான் டப்பாவின் மேல் சாய்த்து வைத்தேன். பாட்டு எதுவும் பாடவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம், அதை மீற மாட்டோம். மிஷினை மட்டும் ஓட்டினேன். ஒரு கால்சட்டைக்கு இரண்டு காலும் ஓரம் அடித்து, நூலைக் கத்தரித்து, மடித்து வைத்துவிட்டுப் பார்த்தேன். அவர் இன்னும் லைனில்தான் இருந்தார்.